சலவைப்படி

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. போனில் சொல்லியிருந்தால் உடனே வாழ்த்தியிருப்பேன். ஆனால் போனைக் காதில் வைத்தால் எனக்கு இப்போது இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது. கண்ணாடி உலைக்கு முன்னால் ஒன்பது வருடம் வெந்த பிறகு ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவி. உங்கள் அத்தை உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன், முடியவில்லை. வானிலை நிலையத்தில் மழைமானியைப் பார்த்துக் குறித்தே வயதானவன் நான். ஒரு முறை குறித்ததை மறுபடி போய்ப் பார்க்காமல் இருந்ததில்லை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

உங்கள் சம்பளத்தை நூறு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றுக்கும் குறைவாகத் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். அந்த ஒன்றுக்குப் பதிலாக என் மகளுக்கு வாரம் இருமுறை காப்பீட்டு மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கிறது. இதையே தனியாரிடம் செய்தால் மாதம் எண்பது ஆகும். இதுவரை சரிதானே?

ஆனால் காப்பீட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. சம்பளம் நூற்றைந்தைத் தாண்டினால் அந்தத் தொழிலாளி திட்டத்திலிருந்து வெளியே. உங்கள் புதுச் சம்பளம் நூற்று முப்பது. அதாவது, முப்பது கூடுவதால் எண்பது போகிறது.

எங்கேயாவது தப்பிருந்தால் திருத்துங்கள். என் கணக்கில் எனக்கே நம்பிக்கை குறைவு. உங்கள் உயர்வுக்குக் குறுக்கே நிற்பவனாக மட்டும் என்னை நினைத்துவிட வேண்டாம். பதவி மட்டும் வரட்டும், சம்பளம் இப்போதைக்கு வேண்டாம் என்று மேனேஜரிடம் கேட்க முடியுமா? கேட்பதே அசட்டுத்தனமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

மாமா

•

மார்ச் 11

மாமாவுக்கு வணக்கம்.

நூறு, நூற்றைந்து, நூற்று முப்பது எல்லாம் படித்தேன். உங்கள் மகளும் படித்தாள். "அப்பா கடுதாசி போடல, கொஸ்டின் பேப்பர் போட்டிருக்கார்" என்று சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று, அதற்கு நன்றி.

வரம்பு எனக்குத் தெரியாதா மாமா? அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் பெஞ்சைத் தேய்த்தவன் நான். மேனேஜரிடம் முதலில் கேட்டதே அதைத்தான். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"சம்பளம் பழையபடியே இருக்கட்டும்யா. மிச்சத்தைச் சலவைப்படின்னு போட்டுடறேன்."

"இவ்வளவு சலவைப்படியா சார்?"

"ஏன், நீ அழுக்காக மாட்டியா?"

முடிந்தது விஷயம். சம்பளம் என்ற வரியில் நூறு. அதற்குத்தான் பிடித்தம், அதற்குத்தான் வரம்பு. சலவைப்படி தனி வரி. அந்தக் காசில் எங்கள் தெருவில் காய்கிற துணி அத்தனையையும் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கலாம். மற்ற இன்சார்ஜுகளுக்கும் இதே ஏற்பாடுதான். ஒட்டடை மூன்று வருடமாக இப்படித்தான் வாங்குகிறான். (ஆள் உயரம், உடம்பில் சதை கிடையாது, அதனால் அந்தப் பெயர். என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவன்.) அவன் மனைவிக்குப் பிரசவம்கூட அந்த ஆஸ்பத்திரியில்தான் பார்க்கப் போகிறார்கள்.

ஒன்பது வருடம் நின்றே வேலை பார்த்தேன். நேற்று ஒரு நாற்காலி கொடுத்தார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்து இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தேன். சிரிக்காதீர்கள். அதை எனக்கு விட்டுவிடுங்கள்.

•

மார்ச் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாற்காலியைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். சிரிக்கவில்லை.

ஆனால் சலவைப்படி என்ற சொல் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நூலகத்துக்குப் போய்க் காப்பீட்டுச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எந்தப் பெயரில் கொடுத்தாலும், மாதந்தோறும் தவறாமல் கொடுப்பது ஊதியம்தான் என்று ஒரு பிரிவு இருக்கிறது. சில படிகளுக்கு விலக்கு உண்டு என்று அதற்கடுத்த பிரிவு. சலவைப்படி எதில் சேர்த்தி? எனக்குப் பிடிபடவில்லை. நூலகரிடம் கேட்டேன். "பெரியவரே, நான் புத்தகத்தை அடுக்கறவன்" என்றார்.

என் பயம் இதுதான். நாளை யாராவது வந்து, இதுவும் சம்பளம்தான், நீங்கள் வரம்புக்கு மேலே இருந்தவர், இத்தனை நாள் பார்த்த வைத்தியத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கட்டுங்கள் என்று சொன்னால்? உங்களால் எப்படி முடியும்? அது தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆகவே, காப்பீட்டு அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டுவிட்டேன்.

பயப்பட வேண்டாம். உங்கள் பெயர், மகளின் பெயர் எதுவும் அதில் இல்லை. பொதுவாகத்தான் கேட்டேன். கேள்வி குழப்பமாக இருந்தால் பதிலும் குழப்பமாக வரும் அல்லவா? அதனால் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலை, ஷிஃப்ட் இன்சார்ஜ், சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சலவைப்படி என்ற விவரங்களை மட்டும் சேர்த்தேன். (அ), (ஆ), (இ) என்று மூன்று கேள்விகள். பதில் வந்து சேர என் முகவரியைக் கொடுத்தேன். உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கே அனுப்பியிருக்கிறேன். மற்ற இடத்தில் நடைமுறை வேறாக இருக்கலாம்.

சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் சொல்லுங்கள். இன்னொரு கடிதம் எழுதி முதல் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மாமா

•

ஏப்ரல் 26

ஐயா,

வந்துவிட்டுப் போனார்கள். இரண்டு இன்ஸ்பெக்டர்கள், கூட ஒரு டிரைவர். இந்த மாவட்டத்தில் பாட்டில் ஊற்றுகிற தொழிற்சாலை ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியாதா? பெயரை மட்டும் எழுதாமல் விட்டீர்களாமே. முகத்தை வரைந்து கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லவில்லை என்றால் எப்படி?

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். மேஜை மேல் ஒரு காகிதம் இருந்தது. (அ), (ஆ), (இ). எதிரில் உட்கார்ந்து தலைகீழாகப் பார்த்தே அது யார் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. சலவைப்படி சம்பளமா என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டதும் அது சம்பளமாகிவிட்டது. இன்சார்ஜுகள் ஐந்து பேரும் வரம்புக்கு மேலே. ஜூன் கடைசியோடு காப்பீட்டு அட்டை செல்லாது.

உங்கள் (இ) கேள்விக்கு மட்டும் நல்ல பதில். பழைய வைத்தியத்துக்குப் பணம் கேட்க மாட்டார்களாம். சந்தோஷப்படுங்கள்.

கேன்டீனில் ஒட்டடை எல்லார் முன்னாலும் சொன்னான்: "எழுதிப் போட்டவன் எவனோ, அவன் கை விளங்காமப் போகட்டும்டா." அவன் மனைவிக்கு ஜூலையில் பிரசவம். என்னைப் பார்த்து, "என்னடா, நான் சொல்றது?" என்றான். "ஆமா" என்றேன்.

உங்கள் மகளிடம் சொல்லவில்லை. உங்களுக்காக என்று எண்ண வேண்டாம். வாரம் இரண்டு நாள் கையில் குழாய் குத்திக்கொண்டு படுத்திருப்பவளுக்கு இது வேறு எதற்கு?

பதில் எழுத வேண்டாம். எழுதியது போதும்.

•

மே 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்காக ஒரு வார்த்தையும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. கேட்பதில் தப்பில்லை என்று நம்பியே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். கேட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை. உங்கள் நண்பர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரு வழி தெரிகிறது. என் வாயால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் பழைய வேலைக்கே இறங்கிவிட்டால் சம்பளம் வரம்புக்குள் வரும், மறுபடி திட்டத்தில் சேர்ப்பார்கள். ஆனால் புதிதாகச் சேர்ந்தவராகத்தான் கணக்கு. ஆறு மாதம் பிடித்தம் போன பிறகுதான் டயாலிசிஸ் மாதிரிப் பெரிய சிகிச்சைகளுக்குத் தகுதி. ஜூலை முதல் தேதி சேர்ந்தால் ஜனவரி முதல் தேதி. அந்த ஆறு மாதம் வெளியில்தான் செய்தாக வேண்டும். என் பென்ஷன் முழுவதும் உங்களுடையது. போதாவிட்டால் இந்த வீடு இருக்கிறது.

இதை யாரிடமும் கேட்டு உறுதிப்படுத்தவில்லை. புத்தகத்தில் படித்ததோடு சரி.

நான் அங்கே வரட்டுமா? சமையலாவது பார்த்துக்கொள்வேன்.

மாமா

•

ஜூன் 9

நீங்கள் சொன்னது சரிதான் என்று பர்சனல் ஆபீஸிலும் சொன்னார்கள். ஜூலையிலிருந்து இறங்குகிறேன்.

"ஏறினவன் இறங்கறேன்னு கேக்கறத இப்பதான்யா பாக்கறேன்" என்றார் மேனேஜர். பதவியை வைத்துக்கொண்டு படியை மட்டும் விட முடியாதாம். பழைய நூறும் கிடையாது. புது ஆள் சம்பளம், உங்கள் கணக்கில் சொன்னால் தொண்ணூறு. வெளியில் எண்பது போக மிச்சம் பத்து. வாடகையே இருபது. ஆகவே உங்கள் பென்ஷனை வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. அனுப்புங்கள். வீட்டை விற்கிற பேச்சை எடுக்காதீர்கள். அவள் காதில் விழுந்தால் மருந்தே சாப்பிட மாட்டாள்.

ஒட்டடை இறங்கவில்லை. கடன் வாங்கிப் பிரசவம் பார்த்துக்கொள்கிறானாம். "நீ ஏன்டா இறங்கினே?" என்று குடைகிறான். நாற்காலி முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

நீங்கள் வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறது, அது வேறு. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உங்கள் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். ஜனவரி வரைக்கும் அவளுக்குத் தெரிய வேண்டாம். இப்போதைக்கு, சட்டம் மாறிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

•

ஆகஸ்ட் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்த மாதப் பென்ஷனை அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அவளுக்குக் கால் வீக்கம் எப்படி? நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள்? சின்ன டம்ளரில் அளந்து வைத்துக்கொள்வதாக முன்பு எழுதியிருந்தாள். இப்போது அவள் எழுதுவதில்லை. விரல்கள் மரத்துப் போகின்றனவோ என்று நானே நினைத்துக்கொள்கிறேன். வாரம் இரண்டு முறை தவறாமல் நடக்கிறதா? நீங்கள் கூடப் போகிறீர்களா?

இவ்வளவும் கேள்விகள்தான் என்று எழுதி முடித்தபின் பார்க்கிறேன். எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியவில்லை. பதில் சொல்ல முடிந்ததற்கு மட்டும் சொல்லுங்கள்.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். அவள் கேட்டால் அப்படிச் சொல்லுங்கள்.

மாமா

•

டிசம்பர் 10

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். உங்கள் பணம் எல்லா மாதமும் வந்தது.

கூடப் போகிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். போகவில்லை. அவள் போகிற இரண்டு நாளும் எனக்குப் பகல் ஷிஃப்ட். புது ஆளுக்கு லீவு கிடையாது. பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புவேன். போன வாரம் அந்த சென்டர் நர்ஸைக் கடைத்தெருவில் பார்த்தேன். "என்ன சார், உங்க வீட்டம்மாவை வாரம் ஒரு தடவைதான் அனுப்பறீங்க? சில வாரம் அதுவும் இல்ல" என்றார். செப்டம்பரிலிருந்தே இப்படியாம்.

வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"வாரம் ஒண்ணு போதும்னு எந்த டாக்டர் சொன்னான்?"

"நான்தான் அந்த டாக்டர். பீஸ் கிடையாது" என்றாள்.

"விளையாடாதே."

"யாரு விளையாடறா? அப்பா பென்ஷனைப் பூரா இங்க அனுப்பறார். அவர் என்ன தின்னு உயிரோட இருக்கார்னு ஒரு நாள் யோசிச்சீங்களா? ஜனவரி வரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கலாம்னு பார்த்தேன். மிச்சம் புடிச்சது பூரா பேங்க்லதான் இருக்கு, அவருக்குத் திருப்பித் தரணும்."

அப்போதுதான் என் வாய் அடங்கவில்லை. "உங்கப்பாவாலதான்டி இவ்வளவும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். (அ), (ஆ), (இ) வரைக்கும்.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் கேட்டாரா?"

"ஆமா."

"அவருக்குப் பதில் வந்துச்சா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"பாவம்" என்றாள்.

இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணை மூன்று வைத்து உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறாள். நெஞ்சுக்குள் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டுமாம். பேங்கில் இருப்பதைத் தொட விட மாட்டேன் என்கிறாள், அது உங்கள் பணமாம். ஜனவரிக்கு இன்னும் மூன்று வாரம்.

உங்களுக்குச் சொல்லச் சொன்னாள்: "அப்பாவை வரச் சொல்லாதீங்க. மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடக்கு. பார்த்தா அதையும் அளந்து குறிச்சு வச்சுப்பார்."

சொல்லிவிட்டேன். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

•

டிசம்பர் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வரட்டுமா என்று கேட்கிற கடிதம் அல்ல இது. நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்தாலும் சேர்வேன். இருந்தும் எழுதாமல் கிளம்ப மனம் வரவில்லை.

வீட்டுக்கு முன்பணம் வாங்கிவிட்டேன். வாங்குகிறவர் பக்கத்துத் தெருக்காரர். விலை குறைவுதான். பேரம் பேசினால் நாளாகும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஜனவரி வரைக்கும், அதற்கு மேலும் போதும். பேங்கில் அவள் வைத்திருப்பதை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் அவளிடம் சொல்லிவிட்டது நல்லதுதான். எனக்கு ஒரு பாரம் குறைந்தது. எப்படிச் சொல்வதென்று வழி முழுவதும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

டயாலிசிஸுக்கு எழுந்து வர மாட்டேன் என்றால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். எனக்குத்தான் காது கேட்காதே.

மாமா

•

பிப்ரவரி 6

மாமாவுக்கு வணக்கம்.

நீங்கள் பஸ் ஏறி ஒரு மாதம் ஆகிறது. வாடகை அறையில் வெளிச்சம் வருகிறதா? ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? பார்த்தீர்களா, நானும் உங்களைப் போலக் கேள்வியாகவே எழுதுகிறேன்.

டிசம்பர் இருபத்தேழைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவள் கையை நீங்கள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தீர்கள், நான் ஒரு பக்கம். நீங்கள் வந்த பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. நீங்கள் கூப்பிட்டதும் எழுந்து வந்தாள். என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. ஆனால் நெஞ்சு முன்பே தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். "செப்டம்பர்லேர்ந்து இப்படி ஒழுங்கா வந்திருந்தாங்கன்னா" என்று ஆரம்பித்தவர், உங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உங்களுக்குக் கேட்டிருக்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.

காப்பீட்டு அட்டை வந்தது. ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லாச் சிகிச்சைக்கும் தகுதி என்று முத்திரை குத்தியிருக்கிறது. முன்பக்கம் நான். பின்பக்கம் மனைவி என்று போட்டு அவள் பெயர், வயது, அடையாள மச்சம். பர்சனல் ஆபீஸ் கிளார்க் அதைக் கையில் கொடுத்தபோது அவருக்கே சங்கடம்.

"பேரை எடுக்கணும்னா ஒரு லெட்டர் எழுதி, சர்டிபிகேட்டை வச்சுக் குடுத்துடுங்க" என்றார்.

"எடுத்தா பிடித்தம் குறையுமா?"

"குறையாதுங்க. பிடித்தம் சம்பளத்துக்குத்தான். வீட்டுல ஒருத்தர் இருந்தாலும் அதேதான், ஆறு பேர் இருந்தாலும் அதேதான்."

"யாரும் இல்லாட்டியும்?"

அவர் மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தார். நான் வந்துவிட்டேன்.

லெட்டர் எழுதிக் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை. அரசாங்கத்தின் கணக்கில் அவள் ஒரே ஒரு இடத்தில் இன்னும் என் மனைவியாக இருக்கிறாள். மாதா மாதம் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். இப்படி வைத்துக்கொள்ளலாமா, விதியில் இதற்கு இடம் இருக்கிறதா என்று இதைப் படித்ததும் உங்களுக்குத் தோன்றும். நூலகத்துக்குப் போகக் கால் துடிக்கும்.

தோன்றட்டும். யாருக்கும் எழுதிக் கேட்காதீர்கள், மாமா.